கருவிழியா, காணொளியா, புதிரா: ஆளுக்கு ஒரு ஓட்டு எப்படி?

பிளாக்செயின் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பொதுப் பதிவேடு) திட்டங்களில் முடிவெடுக்க இன்றும் அதிகம் நடப்பது டோக்கன் ஓட்டுதான். டோக்கன் என்றால் அந்தத் திட்டத்தின் டிஜிட்டல் நாணயம். கையில் எவ்வளவு டோக்கனோ அவ்வளவு ஓட்டு. ஆள் யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி. ஆனால் 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் திட்டத்தில் ஒருவர் ஃபிளாஷ் லோன் (வாங்கிய அதே பரிவர்த்தனையிலேயே திருப்பிக் கட்டும் ஈடில்லாக் கடன்) எடுத்து ஓட்டுகளைக் குவித்தார். தான் வைத்த தீர்மானத்தைத் தானே நிறைவேற்றிக்கொண்டார். திட்டம் சுமார் 18 கோடி டாலரை இழந்தது. அத்தனையும் விதிப்படியே நடந்தது!

சரி, குவாட்ராடிக் முறைக்கு மாறலாமா? அதில் டோக்கன் எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் ஓட்டு; 100 டோக்கன் போட்டால் 10 ஓட்டுதான். ஆனால் அதே 100 டோக்கனை நூறு வாலட்டுகளில் (டோக்கன் வைக்கும் கணக்குகளில்) பிரித்து வைத்தால் 100 ஓட்டு. ஆக, வாலட்டை விட்டு ஆளை எண்ணியாக வேண்டும்.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவதைப் பிடிப்பதில் கெட்டிக்காரத் திட்டம் வேர்ல்ட். 2023 ஜூலையில் வேர்ல்ட்காயின் என்ற பெயரில் வந்தது. ஆர்ப் கருவி கருவிழியைப் படமெடுத்து, ஏற்கெனவே பதிந்தவரா என்று ஒப்பிடும். கென்யா 2023 ஆகஸ்டிலும் ஸ்பெயின் 2024 மார்ச்சிலும் இதை நிறுத்திவைத்தன. எனக்கும் அதே தயக்கம்தான். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், கருவிழியை எங்கே போய் மாற்றுவது?

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் 2021-இல் தொடங்கிய புரூஃப் ஆஃப் ஹியூமானிட்டிக்குத் தனிக் கருவி தேவையில்லை. காணொளி, முன்பணம், ஏற்கெனவே பதிந்த ஒருவரின் சாட்சி ஆகியவை போதும். யாரும் ஆட்சேபிக்கலாம், தகராறு வந்தால் கிளெரோஸ் என்ற பிளாக்செயின் நடுவர் மன்றத்தினர் தீர்ப்பார்கள். எல்லாம் வெளிப்படை, முகமும் வாலட்டும் உட்பட. ஓட்டுப் போடுகிறவருக்கு அவ்வளவு வெளிச்சம் ஆகாது. கிட்காயின் பாஸ்போர்ட் (2025-இல் ஹியூமன் பாஸ்போர்ட் என்று பெயர் மாறியது) பல சான்றுகளைக் கூட்டி மதிப்பெண் தரும். போலிக் கணக்கின் செலவை ஏற்றும், அவ்வளவே. சின்ன நிதிப் பங்கீட்டுக்கு அது போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐடீனா என்ற பிளாக்செயின். பெயர், முகம் எதுவும் கேட்காது. உலகம் முழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து படப் புதிர்களைத் தீர்க்க வேண்டும். நான்கு படங்கள் இரண்டு விதமாக அடுக்கப்பட்டிருக்கும். எது கதையாக வருகிறது என்று சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் நடப்பதால் ஒருவர் பத்துக் கணக்குகளுக்கு உட்கார முடியாது. ஆனால் அங்கேயும் ஓட்டை விழுந்தது. சிலர் ஆட்களுக்குக் காசு கொடுத்துப் புதிரைத் தீர்க்கவைத்து, கணக்குகளின் சாவியை, அதாவது கணக்கை இயக்கும் ரகசியக் குறியீட்டை, தாங்கள் வைத்துக்கொண்டார்கள். அத்தனையும் நிஜ மனிதர்கள், ஆளுக்கு ஒரே கணக்கு. ஆனால் முடிவெடுப்பது வேறொருவர்.

கருவிழியோ காணொளியோ, இதே வாடகை எங்கும் நடக்கலாம். 'நீ மனிதனா' என்று கேட்கும் எந்த முறையும் 'இது உன் ஓட்டா' என்று கேட்பதில்லை. அதற்கு ஓரளவு பதில் சொல்வது மாசி (MACI) என்ற ஓட்டு முறை. அதில் ஓட்டு மறைகுறியாக்கப்படும், போட்ட பிறகும் மாற்றலாம். காசு கொடுத்தவருக்கு, சொன்னபடி நடந்ததா என்று சரிபார்க்க வழியில்லை. எண்ணுகிற ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்பது அதன் குறை. அப்புறம், கணக்கின் சாவி தொடக்கத்திலிருந்தே வேறொருவர் கையில் இருந்தால் மாசியும் எடுபடாது.

சின்னக் குழு என்றால் நேரில் அறிந்தவர்களின் சாட்சியோடு மாசியைச் சேர்த்துக்கொள்வேன். லட்சம் பேர் என்றால், பெரிய பணத்தை இந்த ஓட்டுகளை மட்டும் நம்பி விடமாட்டேன்.