லிம்மா, டிஇசீக்2, லாஸோ: ஏழு வருஷம் ஓட்டிப் பார்த்ததுல தெரிஞ்சது

ஜீன் எக்ஸ்பிரஷன் டேட்டால (எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்த நம்பர்கள்) நோய்க்கு சம்பந்தமான ஜீன் எதுன்னு தேடுறதுதான் ஏழு வருஷமா நம்ம வேலை. லிம்மா, டிஇசீக்2, லாஸோ எல்லாம் அதுக்கு ஓட்டிப் பாத்த புள்ளியியல் முறைகள். ஆரம்பத்துல சாதா டி-டெஸ்ட்தான் (ரெண்டு குழுவோட சராசரியை ஒப்பிடுறது), ஜீனுக்கு ஒண்ணு, பி வேல்யூ (நிஜ வித்தியாசம் இல்லாட்டியும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலா தெரியுற வாய்ப்பு) 0.05க்கு கீழ வந்தா எடுத்துக்கறது. 20,000 ஜீனுக்கு இப்படி பண்ணா வித்தியாசமே இல்லாத டேட்டாலயும் ஆயிரம் ஜீன் சும்மாவே வந்து நிக்கும்னு அப்ப உறைக்கல, லிஸ்ட் நீளமா இருக்கேன்னு சந்தோஷம் வேற. அப்புறம் பெஞ்சமினி-ஹாக்பெர்க், 1995ல வந்த எஃப்டிஆர் முறை (லிஸ்ட்ல போலி ஜீனோட பங்கைக் கட்டுப்படுத்துறது), அதைப் போட்டா மிஞ்சினது பூஜ்யம்.

லிம்மாங்கற மென்பொருளுக்கு வந்தது அதுக்கப்புறம்தான். நம்மகிட்ட இருந்ததே நோயாளி பக்கம் மூணு, நார்மல் பக்கம் மூணு சாம்பிள், மூணு நம்பரை வெச்சு ஒரு ஜீனோட வேரியன்ஸை (நம்பர்கள் எவ்வளவு சிதறுதுங்கறதை) எப்படி நம்புறது, தற்செயலா மூணும் ஒட்டி ஒட்டி விழுந்துட்டா டி-டெஸ்ட் மதிப்பு எகிறிடும், ஜீன் என்னமோ பெருசா மாறியிருக்காது. லிம்மா எல்லா ஜீனையும் சேத்துப் பாத்து ஒவ்வொண்ணோட வேரியன்ஸையும் பொது அளவு பக்கமா கொஞ்சம் இழுத்து விடுது, அவ்ளோதான் சூட்சுமம், ஆனா அந்த மாதிரி போலி ஜீனெல்லாம் கீழ இறங்கிடும். 2014ல வூம் (எண்ணிக்கை டேட்டாவை லிம்மாவுக்கு ஏத்த மாதிரி மாத்துறது) வந்ததுல இருந்து ஆர்என்ஏ-சீக்குக்கும் (ஆர்என்ஏ துண்டுகளை வாசிச்சு எண்ணுற முறை) இதையே ஓட்டலாம், வேகமும் ஜாஸ்தி.

ஆர்என்ஏ-சீக்குக்கான இன்னொரு மென்பொருள் டிஇசீக்2 நல்லாதான் இருக்கு, ஆனா அதுக்கு ரா கவுண்ட்தான் (கை வைக்காத எண்ணிக்கை) குடுக்கணும். டிபிஎம்மை (ஜீன் நீளத்துக்கும் மொத்த எண்ணிக்கைக்கும் ஏத்தபடி சரிசெஞ்ச அளவு) ரவுண்ட் பண்ணிக் குடுத்தா வாயைத் திறக்காம ஓடி முடிச்சிரும் (நானும் பண்ணிருக்கேன், சொல்லிக்க வெக்கமா இருக்கு). சாம்பிள் நூறைத் தாண்டினா இப்ப வில்காக்சனையும் (மதிப்பை விட்டு வரிசை இடத்தை மட்டும் ஒப்பிடுற டெஸ்ட்) போட்டு ஒத்துப் பாக்குறேன்.

என்னைய நிஜமா அழ வெச்சது பேட்ச் எஃபெக்ட், அதாவது சாம்பிளை வேற வேற நாள் ரன் பண்றதாலயே வர்ற வித்தியாசம். ஒரு டேட்டால நோயாளி சாம்பிள் மொத்தமும் ஒரு நாள், நார்மல் மொத்தமும் இன்னொரு நாள் ரன் பண்ணிருந்தாங்க, பிசிஏ பிளாட்ல (ஒத்த சாம்பிள்களைப் பக்கத்துல பக்கத்துல புள்ளியா காட்டுற படம்) ரெண்டு கூட்டமும் அழகா பிரிஞ்சு நின்னுச்சு, நான் கை தட்டாத குறை. பிரிச்சது நோயா தேதியான்னு சொல்ல வழியே இல்ல, பேட்ச் வித்தியாசத்தை எடுக்குற காம்பேட் போட்டாலும் பேட்சோட சேந்து நோயும் போயிடும். ஆறு மாச வேலை குப்பைக்குப் போச்சு. ரத்த சாம்பிள்லயும் இதே கதைதான், நோயாளிக்கு நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) கூடியிருந்தா நியூட்ரோஃபில் ஜீனா வரிசை கட்டி வரும், நாம நோய் ஜீன்னு நினைச்சுக்குவோம், அதனால செல் விகிதத்தையும் மாடல்ல சேத்துடுறேன்.

இதுக்கு நடுவுல எக்செல் வேற, செப்ட்2 ஜீனை செப்டம்பர் 2 ஆக்கி வெச்சிரும். கடைசில 2020ல ஜீன் பேரையே செப்டின்2ன்னு மாத்த வேண்டியதாப் போச்சு!

லாஸோவை (நிறைய ஜீன்ல சிலதை மட்டும் தேர்ந்தெடுக்குற மாடல்) மட்டும் தனியா நம்ப மாட்டேன். ஒண்ணோட ஒண்ணு சேந்தே ஏறி இறங்குற ஜீன்கள்ல ஏதோ ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை விட்டுடும், சீட் (ரேண்டம் தேர்வைத் தொடங்குற எண்) மாத்தினா வேற லிஸ்ட். இப்பல்லாம் நூறு தடவை ரீசாம்பிள் பண்ணி (சாம்பிள்களை மாத்தி மாத்தி எடுத்து ஓட்டி) எண்பதுக்கு மேல தலை காட்டுற ஜீனை மட்டும் வெச்சுக்கறேன். போன தடவை தேறினது ஏழு.