ஒன்பது ஆண்டுகள் நின்ற மாருதி 800: மூன்று ஆண்டுகள் ஓட்டிய பிறகு

செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் மாடு போன பிறகு கார்தான் கிடந்தது. 1998ஆம் ஆண்டு மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, நான்கு கியர், ஏசி கிடையாது. 2013இல் கண் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அப்பா சாவியைத் தொடவில்லை. நானோ வெளியூரில் இருந்தேன். ஒன்பது ஆண்டுச் சாரலும் ஓட்டு இடுக்கு வழியாக அதன் மேலேயே ஒழுகியது. காயலான் கடைக்காரர் வந்து பன்னிரண்டாயிரம் தருவதாகச் சொன்னபோது அப்பா பதிலே சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பொருள் எனக்குப் புரிந்தது. 2022 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கினேன். இன்றுவரை பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் கை பரபரத்தது. "தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள்" என்று மெக்கானிக் அண்ணாச்சி தடுத்தார். நின்ற என்ஜினில் சிலிண்டர் சுவர் எண்ணெய்ப் பசையில்லாமல் காய்ந்து, லேசாகத் துருவும் ஏறியிருக்கும். அப்படியே சுழற்றினால் பிஸ்டன் ரிங் சுவரைக் கீறிவிடும். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு, மூன்று நாள் ஊறவிட்டோம். நான்காம் நாள் என்ஜின் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் அழுத்தினார். அசையவில்லை. பின்பக்கம் ஒரு தள்ளு, முன்பக்கம் ஒரு தள்ளு. கதவுக் கீல் போல ஒரு முனகல் கேட்டது. புல்லி அரை அங்குலம் நகர்ந்தது. அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. தேங்காய் நார், சீட்டின் ரெக்ஸின் துணுக்குகள், குற்றாலத்து வாகன நிறுத்தச் சீட்டு ஒன்றின் பாதி. டேங்கிலிருந்த பெட்ரோல் தேயிலை டிகாஷன் நிறத்தில், வார்னிஷ் வாசனையோடு வந்தது. டேங்கை இறக்கிக் கழுவினோம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரின் ஜெட்டுகளை, அதாவது நுண்துளைகளை, குத்தி எடுத்தோம். டைமிங் பெல்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது; ஆனாலும் மாற்றிவிட்டோம். ஐந்தாம் நாள் ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிடம் நீலப் புகை, பிறகு தெளிந்துவிட்டது. கிளட்ச் பிளேட் என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டதால் கியர் மட்டும் விழவில்லை. இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடியே செல்ஃப் எடுத்து, மைதானத்தில் குலுங்கக் குலுங்க ஓட்டினோம். 'டக்'கென்று விட்டது.

அதுவரை ஆன செலவு பதினோராயிரம். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் மாதம் கேரளத்துப் புனலூர் வரை போய்வந்தோம், போக ஐம்பது கிலோமீட்டர். பதிமூன்று கண் ரயில் பாலம் வந்தபோது அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். அந்த ரயில் பாதையும் 2010இல் நின்று 2018இல்தான் அகலப் பாதையாகத் திரும்பியது. காரைக் கேலி செய்கிறவர்களிடம் அவர் இன்றும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார். திரும்பும்போது கேரள எல்லையிலுள்ள கோட்டைவாசலைத் தாண்டி மலை இறங்குகையில், எஸ் வளைவுக்குச் சற்று முன்னால் பிரேக் பெடல் பஞ்சு போல அமிழ்ந்தது. இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, ஓரமாக அணைத்து நிறுத்தினேன். அதற்குள் அப்பா பயத்தில் தன் பக்கம் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறார். மிதியடிக்குக் கீழே தகடு பொதுக்கென்று உள்வாங்கியது. தரை துருப்பிடித்துப்போன செய்தி அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தவறு என்னுடையது. பழைய பிரேக் ஆயிலை வடிக்காமல் மேலே ஊற்றி நிரப்பியிருந்தேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். பெடலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷரும் வெடித்திருந்தது. அதிலிருந்து ஓர் ஆண்டு முழுக்க ரப்பர் வேலைதான்: பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கப், ரேடியேட்டர் குழாய், என்ஜின் மவுண்டிங், கதவு பீடிங். டயரில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் மேற்பகுதி, தேயாமல் அப்படியே இருந்தது. பக்கவாட்டில் 2310 என்ற எண், அதாவது 2010ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். விரலால் வளைத்தால் வெடிப்பு வாயைத் திறந்தது. ஐந்தையும் மாற்றினேன். வழியெல்லாம் ரப்பர் தோட்டம் உள்ள சாலையில் போய்வருகிறவன் ரப்பரால் தெருவுக்கு வந்த கதை இது. என்ஜினுக்கு ஆனதைப்போல நான்கு மடங்கு செலவு.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. நான் போனது அதற்குப் பிறகு. தாமதக் கட்டணம் வேறு. மூன்று முறை அலைந்தேன்.

இப்போதைய தலைவலி பெட்ரோலில் கலக்கும் எத்தனால். இருபது விழுக்காட்டுக் கலப்பு வந்ததிலிருந்து பழைய வகைப் பெட்ரோல் குழாய் உப்பி வெடித்தது. ஒருநாள் காலையில் தொழுவமே பெட்ரோல் நாற்றம். எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றினேன். ஐடிலிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகத்தை, சற்று உயர்த்தி வைத்தால்தான் சிக்னலில் அணையாமல் நிற்கிறது. மைலேஜ் லிட்டருக்குப் பதினைந்து. முன்பு அப்பாவுக்குப் பதினெட்டு கிடைத்ததாம், நம்பிக்கொள்கிறேன். எத்தனாலும் ஈரத்தை இழுக்கும் என்பதால் வண்டியை நீண்ட நாள் நிறுத்திவைப்பதில்லை. வாரம் ஒருமுறையாவது தென்காசிக்கு எடுத்துப் போகிறேன்.

இதே போல நின்ற வண்டி உங்கள் வீட்டில் இருந்தால், என்ஜினைப் பார்க்கும் முன்பே மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள். தகடு முழுக்கப் போயிருந்தால் டிங்கர் வேலைக்கே வண்டி விலை வந்துவிடும். எங்களுக்கு இரண்டு தகட்டு ஒட்டோடு போயிற்று. அப்பா இடப்பக்கம் உட்கார்ந்தால் இன்னும் அந்த ஒட்டின் மேல் கால் வைப்பதில்லை.