கயாக்கைப் படகில் ஏற்றவா, கட்டி இழுக்கவா?

அலாஸ்காவின் கிளேசியர் பே என்ற விரிகுடாவுக்குக் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) கொண்டுபோகிறவர்களுக்கு, அதை மோட்டார் படகில் ஏற்றுவதா, பின்னால் கட்டி இழுப்பதா என்ற குழப்பம் வரும். பார்ட்லெட் கோவ் துறையிலிருந்து மேல்கோடிப் பனியாறுகள் சுமார் 100 கிலோமீட்டர். துடுப்பு போட்டே போனால் பல நாள் ஆகும்.

வேகம்
ஏற்றினால்: படகு தன் வேகத்தில் போகும்.
இழுத்தால்: மெதுவாகத்தான் போக வேண்டும். வேகம் கூடினால் கயாக் பக்கவாட்டில் அலைந்து கவிழும்.

பாதுகாப்பு
இழுத்தால்: உட்காரும் குழியை மூடியால் இறுக்க மூடுங்கள். இல்லையென்றால் அலைநீர் நிரம்பிக் கயாக் கனத்துப்போகும், கட்டிய கொக்கியே பிடுங்கிக்கொள்ளும். இன்னொரு ஆபத்து, படகைப் பின்னால் எடுக்கும்போது தளர்ந்த கயிறு புரொப்பல்லரில் சுற்றுவது. மிதக்கும் கயிறே வாங்குங்கள். மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே இழுக்கவே வேண்டாம்.
ஏற்றினால்: முன்னும் பின்னும் பட்டை போட்டுக் கட்டினால் போதும். ஃபைபர்கிளாஸ் என்றால் அடியில் ஃபோம் வையுங்கள்.

சிரமம்
ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இழுப்பதற்கு ஒருவர் போதும்.

அமைதியான குடாவுக்குள் சிறு தூரம் என்றால் இழுக்கலாம். பனியாறு வரை என்றால் ஏற்றுவதுதான் என் முடிவு. சொந்தப் படகு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: கோடையில் பார்ட்லெட் கோவ் துறையிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் படகே கயாக்கை ஏற்றிப்போய், குறித்த கரைகளில் இறக்கிவிடும். முன்பதிவு அவசியம்.