சொட்டு மருந்தா, லேசரா, அறுவைச் சிகிச்சையா: கண் அழுத்த நோய்க்கு முதலில் எது?

கண் அழுத்த நோய் எனப்படும் குளுக்கோமாவில் ஒருமுறை இழந்த பார்வையை எந்தச் சிகிச்சையாலும் மீட்க இயலாது. ஆகவே இங்கே ஒப்பிடப்படும் மூன்று வழிகளும் எஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பதற்கானவை. மூன்றும் செய்வது ஒரே வேலைதான்: கண்ணுக்குள் ஊறும் திரவம் சரிவர வடியாததால் ஏறிய அழுத்தத்தைக் குறைத்து, பார்வை நரம்பு மேலும் சிதையாமல் தடுப்பது. வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரையிலான அழுத்தம் இயல்பானதாகக் கருதப்பட்டாலும், அந்த எல்லைக்குள்ளேயே நரம்பு சிதைகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் அழுத்தத்தை மேலும் இறக்குவதே சிகிச்சை.

ஒப்பீட்டுக்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கருவிழிக்கும் கண்ணின் வண்ணத்திரைக்கும் இடையிலுள்ள வடிகால் கோணம் திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்பதை மருத்துவர் கண்மேல் சிறப்பு லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வார். அடைபட்ட கோணத்துக்கு வழி வேறு. அங்கே வண்ணத்திரையில் லேசரால் துளையிடுவதோ, கண்ணின் லென்ஸை அகற்றுவதோ பேசப்படும். திடீரென்று கடும் கண்வலியும் வாந்தியும் விளக்கைச் சுற்றி வண்ண வளையமும் தோன்றினால், விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இனி வருவதெல்லாம் திறந்த கோண வகையைப் பற்றியதே.

நம்மவர் பலரும் முதலில் ஏற்பது சொட்டு மருந்தைத்தான். கத்தியும் இல்லை, ஒளிக்கற்றையும் இல்லை என்ற நிம்மதி அதற்குக் காரணம். இரவில் ஒரு சொட்டு விடும் லாட்டனோபுரோஸ்ட், அழுத்தத்தைக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கக்கூடியது. ஆனால் அதன் சுமை வீட்டுக்கு வந்த பிறகே தெரியும். இரண்டரை மில்லி கொண்ட அந்தச் சிறு புட்டியைத் திறக்கும்வரை குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். திறந்த பின் 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் வைத்து, நான்கு வாரங்களில் தீர்க்கவோ எறியவோ வேண்டும். கோலாலம்பூர் வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ, பகலில் 30 பாகையைத் தாண்டும் அறையின் அலமாரியிலோ அது கிடக்கலாகாது. தயிருக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில், திறந்த தேதியை மேலே எழுதி வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. விரல் மூட்டு வலியுள்ள முதியவர் புட்டியை அழுத்தும்போது சொட்டு கன்னத்தில் வழிந்துவிடுவதும் உண்டு. கண் சிவப்பது, இமைமுடி நீள்வது போன்ற பக்கவிளைவுகள் பெரும்பாலோர் தாங்கக்கூடியவை. டிமோலோல் என்னும் இன்னொரு சொட்டு மருந்து அப்படியல்ல, அது ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிறுக்கத்தையும், நாடித்துடிப்பு மெதுவாக உள்ளவருக்கு மேலும் தொய்வையும் உண்டாக்கலாம். சொட்டு மருந்துதானே என்று எண்ணி, இந்த நோய்களை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது ஆபத்து.

லேசர் முறை, அந்தக் கோணத்திலுள்ள வடிகால் வலையின்மேல் மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைச் செலுத்தித் திரவம் வெளியேறுவதை எளிதாக்குகிறது. மரத்துப்போகச் சொட்டு விட்டு, உட்கார்ந்த நிலையிலேயே சில நிமிடங்களில் முடித்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரிட்டனில் 718 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான லைட் (LiGHT) என்னும் ஆய்வில், லேசரை முதலில் பெற்றவர்களில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் மூன்றாண்டு முடிவிலும் சொட்டு மருந்து இன்றியே இலக்கு அழுத்தத்தில் இருந்தனர். வடிகால் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்ட கண்கள் சொட்டு மருந்துப் பிரிவில் மட்டுமே இருந்தன. இதையொட்டி, 2022-இல் இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதலும் லேசரையே முதல் தெரிவாக முன்வைத்தது. அந்த ஆய்வில் பங்கேற்றோரில் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதையும், நோய் முற்றியவர்கள் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும், நோய் தொடக்க நிலையிலோ நடுத்தர நிலையிலோ இருப்பவர் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது லேசரைப் பற்றித்தான் என்பது என் கருத்து. குறிப்பாக, தனியே வசிக்கும் முதியவருக்கும், இரவு வேலை மாறிமாறி வருபவருக்கும், தினசரிச் சொட்டு என்பது எழுத்தில் மட்டுமே ஒழுங்காக நடக்கும் ஏற்பாடு.

அறுவைச் சிகிச்சை அழுத்தத்தை மிகுதியாக இறக்கவல்லது. இடரும் அதிலேயே மிகுதி. டிராபெகுலெக்டமி எனப்படும் முறையில், கண்ணின் வெண்பகுதியில் புதிய வடிகால் ஒன்று திறக்கப்பட்டு, மேலிமைக்கு அடியில் சிறு கொப்புளம் போன்ற தேக்கம் உருவாக்கப்படுகிறது. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவதும் கண்புரை விரைந்து வளர்வதும் அதில் நேரக்கூடியவை. ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கொப்புளத்தில் கிருமி தொற்றலாம் என்பதால், கண் சிவந்து வலித்துப் பூளை தள்ளினால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் குனிவதும் கனம் தூக்குவதும் கூடாது. தைப்பூசம் நெருங்கும் வேளையில் சிகிச்சை முடிந்திருந்தால், பத்துமலைக்குக் காவடி எடுக்கும் நேர்த்தியை மறு ஆண்டுக்கு ஒத்திவைப்பதே அறிவு. முருகன் கோபிக்க மாட்டார். நோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவருக்கோ, மற்ற இரண்டும் பலிக்காதவருக்கோ, இத்தனை இடர்களையும் ஏற்றுக்கொள்வதே சரி.

செலவுக் கணக்கில் லேசருக்கு முதலில் கொடுப்பது மிகுதியாகத் தோன்றும். தனியார் மருந்தகத்தில் மாதந்தோறும் வாங்கும் சொட்டு மருந்தின் விலையை ஆண்டுக்கணக்கில் கூட்டினால் அந்தத் தோற்றம் மாறும். மலேசிய அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவப் பிரிவிலோ குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வருகைக்கு 5 வெள்ளிதான். அங்கே விலையைவிடக் காத்திருப்பே பெரிய செலவு. அந்த மருத்துவமனையில் லேசர் வசதி உண்டா, இல்லையெனில் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

லேசருக்கு ஒரு குறை உண்டு. அது கருவியின் குறையன்று. புட்டி கையில் இல்லாததால், நோய் தீர்ந்துவிட்டது என்று எண்ணித் தவணைக்கு வராமல் நின்றுவிடுவோர் இருப்பார்கள். லேசரின் பலன் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயக்கூடியது. மறுபடி செய்ய வேண்டிய நேரம் எது என்பதை அழுத்த அளவும், பார்வை எவ்வளவு பரப்பை எட்டுகிறது என்று அறியும் பார்வைப் புலச் சோதனையும் மட்டுமே காட்டும்.