மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி
கோவையில் செபி (பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் ஒருவரிடம் போயிருந்தேன். கட்டணம் மட்டும்தான், கமிஷன் கிடையாது. என் 40 லட்சம் முதலீட்டில் பங்கு ஃபண்ட் (பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) 60 சதவீதம் என்பது பழைய திட்டம்; சந்தை ஏறி அது 72 ஆகியிருந்தது. கோடு போட்ட நோட்டில் பென்சிலால் கணக்குப் போட்டார்: மறுபடி 60-க்குக் கொண்டுவர 4.8 லட்சம் விற்று கடன் ஃபண்டுக்கு (கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) மாற்ற வேண்டும், அதில் லாபம் 2.4 லட்சம். ஓராண்டு தாண்டிய பங்கு ஃபண்டில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, மேலே போனால் 12.5 சதவீதம். அதனால் மார்ச் கடைசியில் பாதி, அடுத்த நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் மீதி. வரியே வரவில்லை! அவரை ஃபோனில் பிடிக்க இரண்டு நாள் ஆகிறது, அது கஷ்டம்தான். ஆனால் ஏறுகிற ஃபண்டை விற்க எனக்கு மனசே வராதபோது, அவசரப்படுத்தாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அதற்காகவே அடுத்த வருஷமும் போவேன்.