மருந்து உள்ளே போகவே இல்லை, ரிப்போர்ட் மட்டும் வந்துவிட்டது

சித்திரைக் கடைசியில் அக்காவின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் குடும்பத்துக்குப் பார்க்கும் மருத்துவர் முதலில் சாதாரண மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) எடுக்கச் சொன்னார். மார்புத் திசு அடர்த்தியாக இருந்ததால் படம் முழுக்க வெண்மையாகத் தெரிந்தது. கட்டியும் வெள்ளையாகவே தெரியும் என்பதால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கான்ட்ராஸ்ட் மேமோகிராம் எடுங்கள் என்றார். பாலக்காட்டில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம்.

இந்தச் சோதனையில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைக் கை இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். புற்றுக்கட்டி தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அவை கசியும் தன்மை உள்ளவை என்பதால் மருந்து அங்கே தேங்கும். ஏற்றி இரண்டு நிமிடம் கழித்து, இரண்டு வித ஆற்றல் கொண்ட எக்ஸ்-கதிர்களால் படமெடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மருந்து தேங்கிய இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். ஆக, மருந்து ஒழுங்காக உள்ளே போனால்தான் இந்தப் படத்துக்கு மதிப்பு. இதை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருந்தது. அக்காவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று விரலை வைத்துக் காட்டினார்கள், போட்டாள். மீன் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டார்கள். மீன் ஒவ்வாமைக்கும் இந்த மருந்துக்கும் தனித் தொடர்பு கிடையாது என்று பிறகு தெரிந்துகொண்டோம். முன்பு கான்ட்ராஸ்ட் ஏற்றியபோது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகம், தைராய்டு எப்படி, கர்ப்பமா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவளிடம் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

ஊசி ஏறியதும் அக்கா "கை எரிகிறது" என்றாள். "சாரமில்ல சேச்சி" (பரவாயில்லை அக்கா) என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, ஊசி போட்ட பெண் மருந்தை முழுவதும் தள்ளினார். படமெடுத்து வெளியே வந்தபோது முழங்கை மடிப்புக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் தோல் இறுகி, பளபளவென்று இருந்தது. மருந்து இரத்தக் குழாய்க்கு வெளியே, சுற்றியுள்ள திசுவில் இறங்கியிருக்கிறது. பஞ்சை வைத்து ஒட்டி, பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வாமை வருகிறதா என்று அரைமணி நேரமாவது உட்காரவைப்பது வழக்கம்.

மறுநாள் ரிப்போர்ட்: "சந்தேகத்துக்குரிய இடம் எதுவும் இல்லை." அக்கா அன்று மாலையே மாரியம்மன் கோயிலுக்குப் போய் விளக்கேற்றினாள். நானும் நம்பினேன்.

கட்டி மட்டும் கரையவில்லை. மூன்று வாரம் கழித்து, வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் பஸ் ஏறினோம். அங்கே மருத்துவர் பழைய படங்கள் இருந்த குறுந்தகட்டைப் (சி.டி.) போட்டுப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "மருந்து போனபோது உடம்பு சூடானதா அம்மா?" இல்லை என்றாள் அக்கா. "மருந்து ஓடியிருந்தால் சாதாரண இரத்தக் குழாய்களாவது கொஞ்சம் தெரியும். இதில் அதுவும் இல்லை." கை வீங்கியதைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை.

இரத்தப் பரிசோதனை பார்த்து (கிரியேட்டினின் சரியாக இருந்தது) மறுபடி எடுத்தார்கள். இந்த முறை "உடம்பெல்லாம் சூடு பரவுகிறது, வாயில் இரும்பு மாதிரிச் சுவைக்கிறது" என்றாள். கட்டி பளிச்சென்று தெரிந்தது. பயாப்சியில் (கட்டியிலிருந்து சிறிது திசு எடுத்துச் செய்யும் சோதனை) புற்றுநோய் என்று வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது கீமோ நடக்கிறது.

அக்கா, தங்கை, அம்மா என்று யாரையாவது இதற்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால், படிவத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்த வேண்டிவரலாம், மருத்துவரைக் கேளுங்கள். ஊசி எரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வீங்கினால் அதை எழுதி வாங்குங்கள். வலி கூடினாலோ, கொப்புளம் வந்தாலோ, விரல் மரத்தாலோ மருத்துவமனைக்கு ஓடுங்கள். முக்கியமாக, கையில் தட்டுப்படும் கட்டியை எந்தப் படம் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். அதற்கு பயாப்சி தேவையா என்று நேராகவே கேளுங்கள்.

அந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடு என்கிறாள் அக்கா. மாவட்ட மருத்துவ அலுவலரிடம் புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணைக்கு அசல் வேண்டும். பீரோவில் அவள் கண்ணில் படாத தட்டில் வைத்திருக்கிறேன்.