ஆறு வருடம், 1,12,000 கிலோமீட்டர்: என் பிக்கப்பின் ஸ்டியரிங் கதை

வண்டி வாங்கிய புதிதில் எல்லாரும் கேட்டது மைலேஜ்தான். இப்போது யாராவது இதே மாடலைப் பற்றி என்னிடம் விசாரித்தால், மைலேஜைச் சொல்வதற்கு முன்னால் குனிந்து முன் சக்கரத்துக்குப் பின்னால் பார்க்கச் சொல்கிறேன். அங்கே இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் கம்பியின் முனையில் எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு ரப்பர் தொப்பி இருக்கும். இந்த ஆறு வருடத்தில் எனக்கு வந்த பயம், செலவு, சண்டை எல்லாம் பெரும்பாலும் அந்த ரப்பரில் ஆரம்பித்தவை.

கம்பெனி பேர் வேண்டாம். கேஸ், வாய்தா என்று அலைய எனக்கு நேரம் கிடையாது. 2019 ஜூனில் எடுத்த வண்டி, டீசல், 1,500 கிலோ லோடு. தொழில் தண்ணீர் கேன். சென்னையில் செங்குன்றம் பக்கம் பிளான்டில் ஏற்றி, கொளத்தூர், வில்லிவாக்கம், அயனாவரம் என்று தெருத்தெருவாக இறக்குவேன். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர். இன்ஜின் இன்றுவரை குறை வைக்கவில்லை. லோடோடு லிட்டருக்கு பன்னிரண்டு, பதின்மூன்று கொடுக்கிறது. ஏசி கிடையாது, எதிர்பார்க்கவும் இல்லை. கிளட்ச் ஒரு முறை மாற்றினேன். அவ்வளவுதான், மற்றதெல்லாம் நல்ல வண்டி.

முதல் சந்தேகத்தைக் கிளப்பியது நான் இல்லை, அலைன்மென்ட் கடைக்காரர். 2021 நவம்பர் மழையில் கொளத்தூரில் முழங்கால் தண்ணீரில் வண்டி ஓட்டினோம், ஞாபகம் இருக்கும். அது முடிந்து இரண்டு மாதத்தில் இடது முன் டயர் ஒரு ஓரமாகத் தேய ஆரம்பித்தது. கடைக்காரர் டயர் மேல் கையை வைத்து உள்ளிருந்து வெளியே தடவச் சொன்னார். வழவழவென்று போனது. வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பம் போலக் கையைப் பிடித்தது. "மூணாவது தடவ வர்றீங்க. நான் சக்கரக் கோணம், அதான் டோ, சரி பண்ணி அனுப்புறேன், பத்து நாள்ல அது மறுபடி ஓடிப் போயிடுது. எங்கியோ லூசு இருக்குது அண்ணே, அலைன்மென்ட்ல இது நிக்காது" என்றார்.

அதோடு ஸ்டியரிங்கிலும் ஆட்டம் இருந்தது. நேர் ரோட்டில் போகும்போதே சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் காலடியில் 'கடக்' என்று ஒரு சத்தம். 41,000 கிலோமீட்டரில், வாரன்டி இருக்கும்போதே, சர்வீஸுக்கு விட்டேன். மாலையில் வண்டியைக் கொடுத்தார்கள். சத்தம் குறைந்திருந்தது. "நார்மல் சார், லோடு வண்டின்னா இவ்ளோ இருக்கும்" என்றார் அட்வைசர். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டு வந்துவிட்டேன். ஜாப் கார்டில் என் புகாரை எழுதாமல் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் எழுதியிருந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. சத்தம் குறைந்ததற்குக் காரணம் ரப்பர் மேல் அடித்த ஸ்பிரே என்று பிறகு தெரிந்தது.

2022 ஆகஸ்ட். வாரன்டி முடிந்து இரண்டு மாதம். ரெட்டேரி சந்திப்பு தாண்டி கொளத்தூர் உள்தெருவுக்கு இடது பக்கம் திரும்புகிறேன், பதினைந்தில்கூட இல்லை வேகம். கீழே 'டொப்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கை ஒடித்தேன், வலது சக்கரம் சொன்னதைக் கேட்டது. இடது சக்கரம் தன் பாட்டுக்கு வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. வண்டி அந்த இடத்திலேயே ரோட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் முன்னால் 200 அடி சாலையில், பக்கத்தில் ஒரு எம்டிசி பஸ் வர, 55-இல் வந்திருந்தேன். என்னோடு இருந்த லோடுமேன் பையன் இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, சக்கரம் ரெண்டும் சண்ட போட்டுக்குச்சு" என்றான். சிரிக்கத் தோன்றவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பாடி ஏரியாவில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மேஸ்திரி தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். என் வண்டியில் முன்பக்கம் ஒரே அச்சுக் கட்டை, கமான் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கம்பி ஒரு சக்கரத்தை மட்டும்தான் திருப்பும். அந்தச் சக்கரத்தையும் அடுத்த சக்கரத்தையும் குறுக்கே கட்டியிருப்பது டை ராட். அதன் இரண்டு முனையிலும் குண்டும் கிண்ணமுமாக மூட்டு, நம் இடுப்பெலும்பு மாதிரி. குண்டு கிண்ணத்திலிருந்து கழன்றால் ஒரு சக்கரம் அனாதை. பிறகு நீங்கள் எவ்வளவு நல்ல டிரைவர் என்பதற்கு அர்த்தம் கிடையாது.

கழன்ற மூட்டை என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் தொப்பி சுற்றிலும் வெடித்திருந்தது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் குழைந்த சேறு. துணியால் துடைத்ததும் குண்டின் ஒரு பக்கம் பளபளவென்று வழித்துத் தட்டையாகியிருந்தது. மறுபக்கம் துரு. "இது ஒரு நாள்ல ஆன வேல இல்ல தம்பி. ஆறு மாசமா சொல்லிக்கினு இருந்திருக்கு" என்றார். மூட்டில் கிரீஸ் அடிக்க நிப்பிள் இல்லை. ஃபேக்டரியிலேயே கிரீஸ் வைத்து மூடிவிடுகிறார்கள். ரப்பர் முழுசாக இருக்கும்வரை நன்றாகத்தான் ஓடும். ரப்பர் கிழிந்துவிட்டால் முதல் மழையிலேயே ஆயுசு முடிந்தது. நம் ஊரில் டிசம்பர் வந்தால் வண்டி ஓடுவது ரோட்டிலா ஏரியிலா என்று அந்த டிசைன்காரருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

சர்வீஸ் சென்டரில் கிடைத்த பதில் ஒரே வார்த்தை: ஓவர்லோடு.

இதில் நான் யோக்கியன் வேஷம் போட விரும்பவில்லை. ஒரு கேன் தண்ணீரோடு இருபது கிலோ எழுநூறு கிராம் வரும். சாதாரண நாளில் எழுபது கேன், 1,450 கிலோ. கணக்குக்குள்தான். ஏப்ரல், மே மாதத்தில் எண்பத்தைந்து ஏற்றுவேன், 1,760 கிலோ. அது தப்பு. அதற்கான தண்டனையும் கிடைத்தது. 2024 மே மாதம் பின்பக்க இடது கமானில் மெயின் பட்டை, அதை மாட்டும் வளையத்தருகே ஒடிந்தது. அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை, பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். ஆனால் லோடு உட்காருவது பின் அச்சில். கேனை டெயில் கேட் பக்கம் அடுக்கினால் முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இலகுவாகிவிடும். அது வேறு ஆபத்து. டை ராட் எடையைத் தாங்கும் சாமானே இல்லை, சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் சாமான். குழியும் லோடும் அதைச் சீக்கிரம் தேய்க்கும், ஒப்புக்கொள்கிறேன். ரப்பரைக் கிழிக்குமா?

சர்வீஸ் சென்டரில் போட்ட புது மூட்டின் ரப்பர் 74,000-இல் மறுபடி வெடித்தது, அதாவது மாட்டிய இருபத்தோராயிரம் கிலோமீட்டரில். இந்த முறை கழலும்வரை காத்திருக்கவில்லை, நேரே மேஸ்திரியிடம் போனேன். அவர் கழற்றும்போது ஒன்றைக் காட்டினார். நட்டு கழலாமல் இருக்க குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் போடுவார்கள், ஒவ்வொரு முறையும் புதுசு போட வேண்டும். என் வண்டியில் பின்னுக்குப் பதில் ஒரு துண்டு கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது! பில்லில் மட்டும் பின்னுக்குக் காசு போட்டிருந்தார்கள்.

மேஸ்திரி கிரீஸ் நிப்பிள் உள்ள வேறு மூட்டை, நல்ல கம்பெனியுடையது, இரண்டு பக்கமும் போட்டார். கூலியோடு 3,400 ரூபாய். பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டையில் பாதி விலைக்குக் கிடைக்குமே என்று கேட்டதற்கு முறைத்தார். "பம்பர் வாங்கு, டோர் வாங்கு, சீட்டுகூட வாங்கு. ஸ்டியரிங் சாமான் மட்டும் பழசு வாங்கினு என் கடைக்கு வராத." ஐயாயிரத்துக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்கிறேன். முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அதே நான், அதே ரோடு, அதே கோடைக்கால எண்பத்தைந்து கேன். ரப்பர் முழுசாக இருக்கிறது. ஓவர்லோடு என்று சொன்னவரிடம் இதைக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

இந்த விஷயத்துக்குப் பிறகு வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ராம் பிக்கப்புகளை இதே டை ராட் முறிவுக்காக 2013-இல் திரும்ப அழைத்தார்கள். அழைத்தால் போதுமா? இது உட்படப் பல திரும்ப அழைப்புகளில் சரிசெய்து கொடுக்கிற வேலை இழுத்துக்கொண்டே போனதால், 2015 ஜூலையில் ஃபியட் கிரைஸ்லருக்கு அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 10.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. கட்டுப்பாட்டை இழக்கச் செய்யும் குறை இருந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில், சரிசெய்யாமல் கிடந்தவற்றை உரிமையாளர் விரும்பினால் கம்பெனியே திரும்ப வாங்க வேண்டும் என்றும் ஒப்பந்தம். அதற்கு முந்தின வருடம் டொயோட்டா, 2005 முதல் 2011 வரையிலான டகோமா பிக்கப்புகளில் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவானதைப் பின் கமான் பட்டை ஒடிகிறது என்று திரும்ப அழைத்தது. ஒடிந்த பட்டை பெட்ரோல் டேங்க்கைக் குத்திவிடலாம் என்பது பயம். பட்டை ஒடிந்து நடுரோட்டில் நின்றவன் என்ற முறையில், அந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2012-இலிருந்து கம்பெனிகள் தாங்களாகவே திரும்ப அழைக்கும் வழக்கம் இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. உற்பத்தியாகி ஏழு வருடத்துக்குள் இருக்கும் வண்டிக்குப் பொருந்தும். இதில் நாம் கவனிக்க வேண்டியது, எத்தனை உரிமையாளர்கள் புகார் செய்தார்கள் என்ற விகிதத்தை வைத்தும் அரசு கட்டாயமாக அழைக்கச் சொல்ல முடியும் என்பது. அரசின் வாஹன் இணையதளத்தில் புகார் பதியலாம், நானும் பதிந்திருக்கிறேன். ஆனால் என் 41,000 கிலோமீட்டர் ஜாப் கார்டில் இருப்பது 'ஜெனரல் செக்கப்'. அதை எவனிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது இதெல்லாம் தெரிந்துவிடாதா என்று ஒருவர் கேட்டார். எஃப்.சி.க்கு முந்தின நாள் வண்டிக்கு அடியில் கறுப்புப் பெயின்ட் அடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரிசல், துரு, எண்ணெய்க் கசிவு எல்லாம் ஒரே கறுப்பில் மறைந்துவிடும். நான் இப்போது அச்சுக்கும் டை ராட்டுக்கும் பெயின்ட் அடிக்க விடுவதில்லை. ஏஜென்ட் என்னைக் கஞ்சன் என்று நினைக்கிறார்.

திங்கட்கிழமை காலை லோடு ஏற்றுவதற்கு முன் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்குகிறேன். கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் டயரைப் பிடித்து ஆட்டும்போது கடகடத்தால் டை ராட் பக்கம் வேலை இருக்கிறது. பன்னிரண்டும் ஆறும் ஆடினால், சக்கரம் திரும்புவதற்கான ஆணியான கிங் பின்னோ வீல் பேரிங்கோ. பையனை பிரேக் மிதிக்கச் சொல்வேன், ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். பிறகு ஜாக்கியை இறக்கி, அவனை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு மூட்டின் மேல் விரலை வைத்துக்கொள்வேன். காதுக்குக் கேட்பதற்கு வெகு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிடும். புதுக் கமான் போட்டவர்கள் கொஞ்ச நாள் லோடோடு ஓட்டியதும், கமானை அச்சோடு கட்டும் யூ போல்ட்டை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். அது தளர்ந்தால் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் வெட்டிக்கொள்ளும், அச்சு நகர்ந்து வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும்.

இவ்வளவையும் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் காசிமேட்டில் ஐஸ் ஓட்டும் என் நண்பர். அதே மாடல், 2023 வண்டி. போன வாரம் போன் செய்து, "மச்சான், ஸ்பீடு பிரேக்கர்ல கடக்குனு கேக்குது" என்றார். கிலோமீட்டர் எவ்வளவு என்று கேட்டேன். 39,000. போய்க் குனிந்து பார்த்தேன். இடது பக்க ரப்பர் வெடித்து, கிரீஸ் வெளியே நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்தேன், மீட்டரையும் சேர்த்து.

வாரன்டி இருக்கிறது, அதனால் நேற்று இரண்டு பேரும் சர்வீஸுக்குப் போனோம். அட்வைசர் புதுப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். ஜாப் கார்டில் 'ஜெ' என்று ஆரம்பித்ததும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பேனாவை மேலேயே பிடித்துக்கொண்டு அவர் நண்பரிடம் கேட்டார், "சார், லோடு எவ்வளவு ஏத்துவீங்க?"

நண்பர் என்னைப் பார்த்தார்.

"மொதல்ல 'இடது டை ராட், ரப்பர் கிழிஞ்சிருக்கு, ஸ்டியரிங்ல ஆட்டம்'னு எழுதுங்க தம்பி. அப்புறம் லோடப் பத்திப் பேசலாம்" என்றேன்.